அத்தர் லாரிக்கு ரத்தப் பரிசோதனை

ஓடித் தேய்ந்த வண்டியின் எஞ்சின் எண்ணெயை எப்போது சோதிக்க வேண்டும்? வண்டி நன்றாக ஓடி, எஞ்சின் சூடேறி, நிறுத்திய கையோடு சோதிக்க வேண்டும். ஆறவிட்டால் அழுக்கெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். மேலாக எடுக்கிற சொட்டு ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நடிக்கும். நெடும்பயணம் கிளம்புகிற வண்டி என்றால் கிளம்புவதற்கு முன் சோதித்தே ஆக வேண்டும். இதை நான் இருபத்திரண்டாம் வயதில் சொன்னேன். இப்போது எண்பது தாண்டிவிட்டது. இன்றும் அதையேதான் சொல்கிறேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ளத் தயாரில்லை.

அந்த ஒரு சொட்டு எண்ணெயால் என் அக்காவின் வாழ்க்கை பல வருஷங்கள் நாறிப்போனது என்பது வேறு விஷயம். (இதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூக்கால் முகரக்கூடிய நாற்றத்தைத்தான் சொல்கிறேன்.) அதற்காக நான் வருந்தாத நாள் இல்லை. ஆனால் சோதனைக்காக வருந்த மாட்டேன்.

நான் வேலூரில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி, ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் கெமிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஷாப் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் ஏதோ துணிக்கடை என்று நினைத்துக்கொண்டு வந்து, வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். என் வேலை, தொட்டியில் தோல் ஊறுகிற மரப்பட்டைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, அமிலம் எவ்வளவு, சத்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது. சேர்ந்து ஆறு மாதத்தில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எந்தத் திரவத்தைப் பார்த்தாலும் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் (ஃபில்டர் பேப்பர்தான்) விட்டுப் பார்க்கத் தோன்றியது. அக்கா வைத்த ரசம், ஓட்டல் காபி, பால்காரர் ஊற்றிய பால், ஒன்றும் தப்பவில்லை. பால்காரர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். (அந்தப் பரிசோதனையிலும் நான் சொன்னதுதான் சரி.)

நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அக்காவின் கணவர் கோதண்டம் மாமாவிடம் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட, பெட்ரோலில் ஓடும் லாரி. மாமாவின் கைக்கு வருவதற்குள் மூன்று பேரிடம் ஓடியிருந்தது. எத்தனை மைல் ஓடியது என்று கேட்டால் மாமா மைல் மீட்டரைக் காட்டுவார். அதன் முள் எப்போதோ ஒடிந்து, கண்ணாடிக்குள்ளே அடியில் கிடந்தது.

அந்த லாரிக்கு ஊர் வைத்த பெயர் 'அத்தர்'. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்திலிருந்து பச்சைத் தோலை ஏற்றிவந்து ஆம்பூர் ஷாப்களில் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. பச்சைத் தோல் என்றால் ஆட்டிலிருந்து உரித்து, உப்புத் தடவி, மயிரோடும் கொழுப்போடும் மடித்து வைத்த தோல். கோடையில் அத்தர் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அதன் வருகை எங்கள் சமையலறைக்குத் தெரிந்துவிடும். மாமாவின் சட்டையை அக்கா மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்ததே இல்லை. கல்யாண வீடுகளில் அக்கா உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஒரு ஆள் இடம் காலியாக இருக்கும். அக்காவிடம் நாற்றமே கிடையாது. ஆனாலும் "அத்தர் வீட்டம்மா வந்துட்டாங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மூக்குகள் தாமாகக் கற்பனை செய்துகொள்ளும்.

இந்த நிலையில்தான் வாணியம்பாடி ஹாஜி சாகிப் மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சாகிப்புக்கு வாணியம்பாடியில் ஒரு ஷாப், ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு ஷாப். இரண்டிலும் பதனிட்டு முடித்த தோலைக் கட்டுக் கட்டாகக் கட்டி மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்புவார். பதனிட்ட தோலுக்கு நாற்றம் கிடையாது. பட்டையும் எண்ணெயும் கலந்த ஒரு நல்ல வாசனைதான் வரும். அதை ஏற்றும் லாரிக்காரர்களுக்கு ஊரில் தனி மரியாதை.

"கோதண்டம், ரயில்ல வேகன் கெடைக்கிறது பேஜாரா இருக்கு. ஒரு தடவை உன் வண்டியில அனுப்பிப் பாக்கறேன். கப்பலுக்கு நேரத்துல போய்ச் சேர்ந்துச்சுன்னா வருஷம் பூரா லோடு உனக்குத்தான். ஆனா ஒண்ணு. என் மால்ல பச்சைத் தோல் வாசம் ஒட்டக்கூடாது" என்றார் சாகிப்.

அன்று சாயங்காலம் மாமா வந்து சொன்னதும் அக்கா சமையலைப் பாதியில் விட்டுவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு லாரி மேல் ஏறினார். அடுத்த சில நாட்கள் அத்தருக்கு நடந்தது போன்ற உபசாரம் எந்தக் கோயில் தேருக்கும் நடந்திருக்காது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்தார். எலுமிச்சம்பழத் தோலைப் பலகை இடுக்குகளில் திணித்தார். கடைசியாகத் தணல் சட்டியை லாரியின் பின்பக்கம் வைத்து, தார்ப்பாயை மூடி, நாள் முழுக்கச் சாம்பிராணி போட்டார்.

"இந்த லோடு மட்டும் நிலைச்சிடுச்சுன்னா, நானும் ஒரு நாளு இந்த வண்டியில முன்னாடி உக்காந்து போவேன்டா" என்று என்னிடம் சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அக்கா அந்த லாரியில் ஏறி எங்கேயும் போனதே இல்லை. லாரியே இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் போல எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவார்.

இந்த உபசாரத்தில் என் பங்கு என்ன? நான் எஞ்சினைப் பார்த்துக்கொள்வதாக முடிவு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

வாசகசாலையில் ஒரு பழைய மோட்டார் பத்திரிகை படித்திருந்தேன். நிறைய ஓடிய எஞ்சின்களை எப்படிக் கவனிப்பது என்று அதில் ஒரு கட்டுரை. பழைய எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து வடிதாளில் விட வேண்டும். சொட்டு பரவி வட்டம் வட்டமாக நிற்கும். நடுவில் கறுப்பு என்றால் கரி. ஓரம் வெளுத்தால் பெட்ரோலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. அந்தக் கறுப்பில் மினுமினுவென்று பொடி தெரிந்தால், உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் எந்த நேரமும் கையை விரித்துவிடும். படித்ததும் எனக்குப் புல்லரித்தது. சொட்டு, வடிதாள், வட்டம்! எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது.

மாமாவிடம் சொன்னேன்.

"இன்னாது? எண்ணெய எடுத்துப் பாக்கறியா? வண்டிக்கு இன்னா காய்ச்சலா மச்சான், ரத்தம் எடுக்கறேன்ற?"

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம் மாமா."

"அப்ப எடுத்துக்க. காலைல வண்டி சும்மாதான நிக்குது."

"காலைல ஆறிப்போயிருக்கும் மாமா. சூடா ஓடிட்டு இருக்கும்போது நிறுத்தி, உடனே எடுக்கணும்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம வண்டியச் சூடா இருக்கறப்போ நிறுத்தணுமா? போய்ச் சோறு தின்னுடா."

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அத்தருக்கு ஒரு குணம். சூடேறிய பிறகு நிறுத்திவிட்டால், முழுக்க ஆறும் வரை மறுபடி ஸ்டார்ட் ஆகாது. முன்னால் ஹேண்டில் போட்டு எத்தனை பேர் சுற்றினாலும் சரி, தும்மும், அவ்வளவுதான். சரிவான இடத்தில் உருட்டிவிட்டால் ஒருவேளை உயிர் வரும். அதனால் மாமா வழியில் எஞ்சினை நிறுத்தவே மாட்டார். டீ குடித்தால் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். இந்தக் குணம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அதை உருட்டிவிடுகிறவர்களில் நானும் ஒருவன்.

பயண நாள் வந்தது. மாமாவுக்குத் துணையாக மெட்ராஸ் வரை போவதற்கு ஷாப்பில் லீவு போட்டிருந்தேன். காலையில் வாணியம்பாடியில் லோடு ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் சாகிப் தாமே வந்து, லாரிக்குள் தலையை நீட்டி மூச்சை இழுத்தார்.

"மாஷா அல்லா! கோதண்டம், இது லாரியா, தர்காவா?"

மாமா வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அங்கிருந்து ஆம்பூர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கமிருந்த ஷாப்பில் மிச்சக் கட்டுகளை ஏற்றி, திரும்பவும் கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஷாப் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். முகூர்த்தப் புடவை. தலை நிறைய மல்லிகை. வேலூரில் சின்ன வயதுச் சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டு வாசலில் லாரியிலிருந்து இறங்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. மாமா கதவைத் திறந்துவிட்டார். அக்கா நடுவிலும் நான் ஓரத்திலும் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் சாகிப்பின் கறுப்புக் கார். மெயின் ரோடு வரை வந்து வழியனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

எங்கள் ஊர்க் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டவாளம் மேட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் சாலை மேலே ஏறி இறங்கும். எங்கள் லாரி வரிசையில் முதலாவதாக, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. மாமா சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தார்.

"மச்சான், சோடா வாங்கியாறேன். உங்கக்காவுக்குத் தொண்ட காயுது. இங்க வந்து உக்காந்து ஆக்சிலேட்டர்ல லேசா காலை வச்சுக்க. அது நின்னுச்சுன்னா நானும் நின்னுட்டேன், தெரிஞ்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் நடந்தார்.

நான் டிரைவர் இடத்துக்கு மாறி உட்கார்ந்தேன். காலை வைத்தேன். எஞ்சின் சூடு தரை வழியாக உள்ளங்காலில் ஏறியது. வாணியம்பாடியிலிருந்து ஓடிவந்த சூடு. எண்ணெயும் அழுக்கும் நன்றாகக் கலந்து கொதித்துக்கொண்டிருக்கும் சூடு. கட்டுரையில் சொன்னதும் இதே சூடுதான். நெடும்பயணத்துக்கு முன்னால் இனி எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்காது. வழியில் மாமா என்னை எஞ்சினோடு தனியாக விடப் போவதில்லை. என் சட்டைப் பையில் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த வடிதாள் மடித்து இருந்தது.

ஸ்விட்சை அணைத்தேன்.

அத்தர் நின்றபோது வந்த அமைதியை நான் இன்றும் மறக்கவில்லை. வரிசையில் பின்னால் நின்ற மாட்டு வண்டியின் மாடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

"ஏண்டா, சத்தத்தையே காணோம்?" என்றார் அக்கா.

"ஒரு நிமிஷம்கா. ஒரே ஒரு சொட்டு."

"டேய், நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாருடா!"

நான் அதற்குள் பானட்டைத் திறந்துவிட்டேன். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, நுனியிலிருந்து ஒரு சொட்டை வடிதாளில் விட்டேன். சொட்டு பரவியது. நடுவில் கறுப்பு. அதைச் சுற்றிப் பழுப்பு. தாளை வெயிலில் சாய்த்தேன். கறுப்புக்குள் மினுமினு என்று பொன் துகள்கள். ஒன்றிரண்டு அல்ல, நட்சத்திரம் இறைத்த மாதிரி!

என் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. மாமாவின் எஞ்சின் உள்ளுக்குள் சாகக் கிடக்கிறது என்பதை அறிந்து ஒரு மைத்துனன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கக் கூடாதுதான். பேரிங்கில் பித்தளை தேய்கிறது. பத்திரிகை சொன்னது. தாள் காட்டுகிறது. நான் கண்டுபிடித்திருக்கிறேன்.

ரயில் போனது. கேட் திறந்தது. மாமா இரண்டு கையிலும் சோடா பாட்டிலோடு ஓடிவந்தார். திறந்த பானட்டைப் பார்த்ததும் ஓட்டம் நடையானது.

"அதுவா நின்னுச்சா, நீ நிறுத்தினியா?"

"நிறுத்தினேன் மாமா. ஆனா நல்லதாப் போச்சு. பேரிங் போயிட்டிருக்கு. இதப் பாருங்க!"

மாமா தாளைப் பார்க்கவில்லை. சோடாக்களை அக்காவின் மடியில் வைத்தார். ஹேண்டிலை எடுத்தார். சுற்றினார். அத்தர் தும்மியது. மறுபடி சுற்றினார். அதற்குத் தும்மக்கூட மனமில்லை. பின்னால் கார் ஹாரன், பஸ் ஹாரன், அதற்குப் பின்னால் பச்சைத் தோல் ஏற்றிய மாட்டு வண்டிகள். காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அக்காவின் சாம்பிராணியெல்லாம் ஒரே மூச்சில் தோற்றது.

"யோவ் லாரி! அடுத்த வண்டி வருது, கேட்ட மூடணும். எடுய்யா!" என்று கேட்காரர் மேலிருந்து கத்தினார்.

"பின்னாடி உருட்டு!" "பின்னாடி காரு நிக்குதுய்யா!" "காருக்குப் பின்னாடி பஸ்ஸு!" "பஸ்ஸ எடுக்கச் சொல்லு!" "அப்ப மாடு எங்க போவும்?" ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

ஹாஜி சாகிப் காரிலிருந்து இறங்கி, வெள்ளைச் சட்டையில் தூசி படாமல் நடந்து வந்தார்.

"இன்னா கோதண்டம்? வண்டி தகராறு பண்ணுதா?"

"ஒண்ணும் இல்ல பாய். கொஞ்சம் சூடு. தள்ளிவிட்டா எடுத்துக்கும்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரு விஞ்ஞானியின் கையில் ஆதாரம் இருந்தது.

"இல்ல பாய்" என்றேன், கேட் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இந்த எஞ்சின் மெட்ராஸ் போய்ச் சேராது. உள்ளே பேரிங் தேயுது. இதோ, தங்கம் மாதிரி பொடி தெரியுது பாருங்க."

சாகிப் தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். துகள்கள் மின்னின. மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி யாரு?"

"என் மச்சான்" என்றார் மாமா. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது குரலிலேயே தெரிந்தது.

"தோல் ஷாப்ல கெமிஸ்ட்" என்றேன் நான்.

"படிச்ச புள்ள. வீட்டு வண்டின்னுகூட பாக்காம உண்மையச் சொல்லுது. கோதண்டம், மனசுல வச்சுக்காத. கப்பல் நமக்காக நிக்காது" என்றார் சாகிப். ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு லாரி வந்து நின்றது. ஷாப் ஆட்கள் வரிசையாக நின்று அத்தரிலிருந்து கட்டுகளை இறக்கி, தலைச் சுமையாகத் தண்டவாளத்தைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு கட்டும் எங்கள் கண் முன்னால், சாம்பிராணி வாசனையோடு, போனது.

அக்கா சோடாக்களை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசிக் கட்டும் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"எண்ணெய எப்ப பாக்கணும்னு படிச்சியே. வாய எப்ப தெறக்கணும்னு அந்தப் புஸ்தகத்துல போடலியாடா?"

காலியான லாரியை ஷாப் ஆட்களும் பஸ் பயணிகளுமாகச் சேர்ந்து மேட்டில் ஏற்றினார்கள். நானும் தள்ளினேன். (என் பக்கத்தில் தள்ளியவர், "எவன்யா வண்டிய நிறுத்தினது?" என்று கேட்டார். "தெரியலியே" என்றேன்.) தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கியதும், பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அத்தர் உயிர் பெற்றது. நான் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

மெயின் ரோடு வந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம், வேலூருக்கு ஒரு பக்கம். மாமா வேலூர்ப் பக்கம் திருப்பினார்.

"எங்க மாமா போறோம்? லோடுதான் இல்லியே."

"மெட்ராஸுக்கு."

"வெறும் வண்டியிலயா?"

"போய்ச் சேராதுன்னு சொன்னியே. போகட்டும், பாக்கலாம்."

போனோம். வேலூர் வந்தது. அக்காவின் சிநேகிதி வீடு இருக்கும் தெருவும் வந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, மாமாவும் நிறுத்தவில்லை. டீக்கடையில் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவராக இறங்கி டீ குடித்தோம். என்னை மட்டும் தனியாக வண்டியில் விடவே இல்லை. சாலையோரம் ஒதுங்கப் போனாலும் என்னையும் இறங்கச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் காதைத் தீட்டிக்கொண்டு, இதோ இப்போது உடையும், இதோ இப்போது என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன். அத்தர் உடையவில்லை. கட்டுகள் இல்லாத சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு ஓடியது. துறைமுகத்து வாசலில் சாகிப்பின் கட்டுகளை அந்த இன்னொரு லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா அதன் பக்கத்தில் கொண்டுபோய் அத்தரை நிறுத்தி, எஞ்சினைச் சும்மா உறுமவிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கடற்கரைக்கு ஓட்டினார்.

அக்கா முதல்முதலாகக் கடல் பார்த்தது அன்றுதான். முகூர்த்தப் புடவையோடு, லாரியின் முன்பக்கத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தார். (இறங்கவில்லை. "வண்டி நின்னுடப் போவுது" என்றார்.)

திரும்பி வந்த மறுநாள் என் சட்டையைத் துவைக்க எடுத்த அக்கா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார்.

"டேய், உன் பையில இன்னாடா பொன்னு கொட்டிக் கெடக்குது?"

போய்ப் பார்த்தேன். சட்டைப் பையை உள்வெளியாகத் திருப்பிப் பிடித்திருந்தார். தையல் ஓரம் முழுக்க மினுமினு. கேட்டில் தாளில் பார்த்த அதே மினுமினு.

பயணத்துக்கு முந்தின நாள் எங்கள் ஷாப்பில் பெண்கள் செருப்புக்கான தங்கநிறத் தோல் தயாரித்தார்கள். அரக்கில் பொன்நிறப் பித்தளைத் தூளைக் கலந்து தோல் மேல் பூசுவார்கள். அந்த அறையில் நான் பாதி நாள் நின்று வேடிக்கை பார்த்தேன். அங்கிருந்த மேஜை மேல்தான் என் வடிதாளை வைத்திருந்தேன். அதை அப்படியே எடுத்து மடித்துப் பையில் போட்டேன். கேட்டில் நான் கண்டுபிடித்தது அத்தரின் பேரிங் அல்ல. அடுத்த மாதம் ஏதோ ஒரு கல்யாணப் பெண் காலில் போடப்போகும் செருப்பு.

அக்கா சட்டையைக் கொண்டுபோய் மாமாவிடம் காட்டினார். மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"ஏன் மச்சான், நம்ம எஞ்சினுக்கு எத்தனாம் நம்பர் செருப்பு?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே புதிய வடிதாள் வாங்கினேன். மாமாவைக் கெஞ்சி, வண்டியை ஓட்டி, சரிவில் நிறுத்தி, சூடாக ஒரு சொட்டு எடுத்தேன். கறுப்பு இருந்தது, வயதான எஞ்சினுக்கு இருக்க வேண்டிய அளவு கறுப்புதான். ஒரு துகள் மின்னவில்லை. பழைய தாள், புதிய தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினேன். சாகிப்பிடம் ஒன்று விடாமல் சொன்னேன். செருப்பையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, அன்னிக்கு நீ சொன்னது தப்பு. இன்னிக்குச் சொல்றது சரி. அப்படித்தானே?"

"ஆமாங்க பாய்."

"ஆனா ரெண்டு நாளும் ஒரே தைரியத்தோடதான் சொல்ற. நான் எதை வச்சு நம்பறது?"

வருஷ லோடு அந்த இன்னொரு லாரிக்குப் போய்விட்டது. சாகிப் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த வாரம் அத்தர் மறுபடி பச்சைத் தோல் ஏற்றியது. முதல் லோடு வந்த சாயங்காலம் அக்கா வாசலுக்கு வந்து பார்த்தார். பலகை இடுக்கில் இன்னும் ஒரு எலுமிச்சந்தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு உள்ளே போய், மாமாவின் சட்டையைத் தனியாக ஊறவைத்தார். நான் தலை குனிந்தது அந்தச் சட்டைக்காகத்தான், எண்ணெய்க்காக அல்ல.

ஏனென்றால் நன்றாக யோசித்துப் பாருங்கள். சோதித்த நேரம் சரி. சூடு சரி. முறை சரி. நெடும்பயணத்துக்கு முன்னால் என்பதும் சரி. தாளைத் தவிர எல்லாம் சரி. அது போதாது என்று என் குடும்பம் இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறது. நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

மாமா ஒப்புக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அவர் பாணியில். அடுத்த ஆயுத பூஜை முதல் ஒவ்வொரு வருஷமும் வண்டியைச் சுற்றி ஓட்டிவந்து, தாமே நிறுத்தி, "மச்சான், ஜாதகம் பாத்துச் சொல்லு" என்று கம்பியை உருவி நீட்டுவார். நான் சொட்டு விடுவேன். அந்தத் தாளுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார். கடைசியாக ஒரு வருஷம் உண்மையாகவே துகள் மின்னியது. பொன் அல்ல, பேரிங்கின் உண்மையான ஈய வெள்ளைத் துகள். நான் அதை யாருக்கும் கேட்காமல், அவர் காதில் மட்டும் சொன்னேன். மாமா எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்திருந்தது. அந்த எஞ்சின் அவரை நடுவழியில் விடவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். இதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. ரயில்வே கேட் கதையைத்தான் சொல்கிறார்கள்.

போன மாதம் எனக்குத் தலை சுற்றல். என் பிள்ளை என்னை ரத்தம் சோதிக்கும் இடத்துக்கு அழைத்துப் போனான். அக்காவும் வந்தார். மாமா போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், காது மட்டும் இருபது வயதுக் காது. ஊசியோடு வந்த பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தாத்தா, சாப்பிட்டு வந்தீங்களா, வெறும் வயிறா? டெஸ்ட்டுக்கு நேரம் முக்கியம்."

அறுபது வருஷம் கழித்து ஒருத்தி என் பக்கம் பேசினாள். நெஞ்சு நிமிர்ந்தது. "கேட்டியாக்கா? நேரம் முக்கியமாம்!" என்றேன். பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்த சின்னக் குப்பியைக் காட்டி, "அது சுத்தமா இருக்கா பாரும்மா" என்றேன்.

அக்கா அவள் கையை மெல்லத் தொட்டு என்னைக் காட்டினார்.

"எடுக்கறத ஓடிட்டு இருக்கும்போதே எடுத்துடும்மா. நிறுத்திட்டா இது மறுபடி ஸ்டார்ட் ஆவாது."